45,000 ரூபாய் கோர்ஸும் ஒரு பம்பு மேனுவலும்

வணக்கம் சார்,

உங்கள் பதில்களைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. பி.இ. முடித்துவிட்டு சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் டெஸ்டிங்கில் இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டேன். இப்போது கோவையில் இருக்கிறோம். சின்னவனும் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டான். திரும்ப டெஸ்டிங்குக்கே போகலாமென்றால் எல்லா இடத்திலும் ஆட்டோமேஷன் கேட்கிறார்கள், தினமும் அலுவலகம் வரச் சொல்கிறார்கள். டெக்னிக்கல் ரைட்டிங், அதாவது கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் மேனுவல் எழுதும் வேலை என்றால் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாகச் செய்யலாம் என்று ஒரு தோழி சொன்னாள்.

ஆன்லைனில் மூன்று மாதக் கோர்ஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 45,000 ரூபாய். சான்றிதழ் உண்டு, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். சேரலாமா? பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். என் ஆங்கிலம் தப்பில்லாமல் இருக்கும், அழகாக இருக்காது. அது போதுமா? எடுத்த எடுப்பிலேயே ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்குமா? சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தத் தொழிலே இருக்காது என்கிறார் என் கணவர். உண்மையா? கடைசியாக ஒன்று, இதற்காக ஒரு மேக்புக் வாங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

ர., கோவை

அன்புள்ள ர.,

ஆறு வருடம் டெஸ்டிங்கில் இருந்ததை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். பக் ரிப்போர்ட் எழுதியிருப்பீர்கள் அல்லவா? எந்தத் திரைக்குப் போய், எதை அழுத்தி, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. அதை வாசித்துவிட்டு டெவலப்பர் தன் கணினியில் அதே பிழையை வரவழைத்துவிட்டால் நீங்கள் எழுதியது சரி. ‘எனக்கு வரலையே’ என்று திருப்பி அனுப்பினால் ஏதோ ஒரு படியை விட்டிருக்கிறீர்கள். டெக்னிக்கல் ரைட்டருக்கும் இதே பரீட்சைதான். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்த்து அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் நல்ல எழுத்து. நடுவில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

கோவையில் இருக்கிறீர்கள் என்பதால் பம்பையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன செல்ஃப் பிரைமிங் (தானே நீரை உறிஞ்சிக்கொள்ளும்) பம்பு, அரை எச்பியோ ஒரு எச்பியோ. அதன் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று வரும். பல தாள்களில் இந்த வரிசையைப் பார்க்கலாம்: குழாய்களை இணைக்கவும். மின் இணைப்பைக் கொடுக்கவும். சுவிட்சைப் போடவும். அப்புறம் கீழே, பொடி எழுத்தில், ‘குறிப்பு: முதல்முறை இயக்கும் முன் பம்பின் உடல்பகுதியில் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும்.’ தாளை வரிசையாகப் பார்த்து வேலை செய்கிறவர் அந்தக் குறிப்புக்கு வரும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் இல்லாமல் ஓடினால், சுழலும் தண்டு (ஷாஃப்ட்) வழியே நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கருகும். பிறகு ஷாஃப்ட் பக்கம் ஒழுக ஆரம்பிக்கும். செல்ஃப் பிரைமிங் என்று பெயர் இருப்பதால் வாங்கியவரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்றே நினைத்திருப்பார். ஆனால் அந்த வகை பம்புக்கும் முதல் தடவை நாம்தான் ஊற்ற வேண்டும்.

இதை எப்படி எழுத வேண்டும்? சுவிட்சைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைச் சொல்ல வேண்டும், அதுவும் குறிப்பாக ஒதுக்காமல் ஒரு படியாகவே. மேலே தண்ணீர் ஊற்றும் துளையை மூடியிருக்கும் பிரைமிங் பிளக்கைக் கழற்றுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை காத்திருங்கள். பிளக்கை இறுக்குங்கள். அதன் பிறகு சுவிட்ச். ஒரு படிக்கு ஒரு வேலை. எந்தப் பிளக் என்று அம்புக்குறி போட்ட ஒரு படம்.

இதற்கு மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. எச்சரிக்கைகளுக்குத் தரவரிசை இருக்கிறது. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரத்தின்படி, தவிர்க்காவிட்டால் மரணமோ பலத்த காயமோ நிச்சயம் என்றால் ‘டேஞ்சர்’, நேரலாம் என்றால் ‘வார்னிங்’, லேசான காயம் என்றால் ‘காஷன்’, ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் பொருளுக்கு மட்டும் சேதம் என்றால் ‘நோட்டீஸ்’. சீல் கருகுவது நோட்டீஸ். எர்த் இணைக்காமல் ஈரக் கையோடு தொடுவது அப்படி இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே முக்கோணத்தைப் போட்டு ‘வார்னிங்’ என்று எழுதிய மேனுவலில் எதையுமே யாரும் வாசிக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான். ஆங்கில இலக்கணம் இதில் ஒரு சின்னப் பகுதி.

சரி, ஆங்கிலத்துக்கு வருகிறேன். ‘தப்பில்லாமல் இருக்கும், அழகாக இருக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். அது போதும். விமானப் பராமரிப்பு மேனுவல்களுக்காக உருவாக்கிய எளிய ஆங்கிலம் ஒன்று இருக்கிறது, ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். 1986-இல் முதல் வடிவம் வந்தது. பொதுச் சொற்களாகச் சுமார் 900 சொற்களுக்குத்தான் அனுமதி. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக் இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கும்போது தடுமாறக் கூடாது என்பதற்காக வந்த விதிகள் இவை. நீங்கள் விமானக் கம்பெனிக்கு எழுதப் போவதில்லை. ஆனாலும் அந்த விதிகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அழகைப் பற்றிய கவலை போய்விடும். என் அனுபவத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வருகிறவர்களிடம் முதல் ஆறு மாதம் உரிச்சொற்களைப் பிடுங்குவதே பெரிய வேலை. உங்களிடம் அந்தத் தொல்லை இருக்காது.

கோர்ஸ் விஷயம். அந்த நிறுவனம் எது என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேர்வதற்கு முன்னால் அவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். பாடம் நடத்துகிறவர் இப்போதும் எங்காவது டாக்குமென்டேஷன் வேலை செய்கிறாரா? நான் எழுதும் பக்கத்தை வரிவரியாகத் திருத்தித் தருவாரா, எத்தனை பக்கம்? போன பேட்ச்சில் படித்தவர்கள் எழுதிய சாம்பிள்களைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்பதை, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற நிபந்தனையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள், இதுவரை அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

சான்றிதழைப் பற்றியும் பெரிதாக நினைக்க வேண்டாம். வேலை கொடுப்பவர் சாம்பிளைத்தான் கேட்பார். இந்தத் துறையின் பழைய அமெரிக்கச் சங்கமான சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன், 1953-இல் தொடங்கியது, 2025 ஜனவரியில் திவாலாகி மூடுவதாக அறிவித்துவிட்டது. பல வருடம் அதன் உறுப்பினர் என்று பயோடேட்டாவில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை ஒன்றும் இழந்துவிடவில்லை.

கோர்ஸில் சொல்லித் தரப்போகும் பாடத்தில் பாதிக்கு மேல் இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் தன் இன்ஜினியர்களுக்காக உருவாக்கிய டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள், ஒன்று இரண்டு என்று, இணையத்தில் சும்மா இருக்கின்றன. ஒரு வார இறுதியில் முதலாவதை முடித்துவிடலாம். கூகுளின் டெவலப்பர் ஸ்டைல் கையேடும் மைக்ரோசாஃப்டின் ஸ்டைல் கையேடும் இலவசம். இரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எளிய குறிகளால் பக்கத்தை வடிவமைக்கும் மார்க்டவுனைக் கற்க ஒரு சாயங்காலம் போதும். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் பழக்கம் இருக்கும். ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) சோதிக்கும் போஸ்ட்மேனைத் தொட்டிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஏபிஐ டாக்குமென்டேஷன் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இன்று ஃப்ரீலான்ஸில் ஓரளவு மரியாதையான பணம் கிடைக்கிறது. டாம் ஜான்சன் என்ற அமெரிக்க டெக்னிக்கல் ரைட்டர் ஏபிஐ டாக்குமென்டேஷனுக்கு ஒரு முழுப் பாடத்தையே தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். அதை முடித்தாலே உங்கள் டெஸ்டிங் அனுபவம் எங்கே கை கொடுக்கும் என்று புரிந்துவிடும். மேனுவல் தயாரிக்கும் மென்பொருள்களான ஃபிரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர், ஆவணங்களை அமைக்கும் தரமான டிட்டா இவையெல்லாம் வேலைக்கான விளம்பரங்களில் வரும். என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், காசு கொடுத்து இப்போது படிக்க வேண்டாம். கிளையன்ட் எதைப் பயன்படுத்துகிறாரோ அதை அப்போது இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே பொருள் திருத்தம். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் பக்கத்தில் சிவப்பு மையால் கிறுக்க வேண்டும். கோர்ஸில் அது கிடைக்கும் என்று உறுதியானால் சேருங்கள், தப்பில்லை. கிடைக்காது என்றால், தெரிந்த சீனியர் ஒருவரிடம் ‘இரண்டு சாம்பிளைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள், இவ்வளவு தருகிறேன்’ என்று கேட்டுப் பாருங்கள். 45,000-இல் ஒரு துளிதான் செலவாகும். கடன் வாங்கிக் கோர்ஸில் சேர்வதாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

சாம்பிள் என்றேனே, அது எங்கிருந்து வரும்? வேலை செய்த இடத்தில் எழுதியதைக் காட்ட முடியாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதனால் நீங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். மூன்று போதும். ஒன்று, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கருவிக்கு நான்கு பக்கம். பம்போ, வாட்டர் பியூரிஃபையரோ, இன்வெர்ட்டரோ. இரண்டு, பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு ஏபிஐக்கு அறிமுகமும் இரண்டு மூன்று எண்ட்பாயின்ட்களின் (கோரிக்கை அனுப்பும் முகவரிகள்) விவரமும். மூன்று, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் அரைமணியில் செய்ய வேண்டியவை. மூன்றையும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் தளத்துக்கும் காசு இல்லை.

முதல் சாம்பிளை எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் விரல் எந்த வரியில் நிற்கிறது, எங்கே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எதைப் படிக்காமலே தாண்டுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பேசாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம். ‘அது இல்லக்கா, மேல பாருங்க’ என்று வாய்வரை வரும். எந்த இடத்தில் அப்படி வந்ததோ அந்த இடத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூலத் திட்டங்களில் பங்களிப்பதும் நல்ல வழிதான். உங்களுக்குப் பழக்கமான ஒரு கருவியை எடுத்து, அதன் இன்ஸ்டாலேஷன் பக்கத்தைப் பார்த்தபடியே ஒரு புதுக் கணினியில் நிறுவிப் பாருங்கள். எங்கே உடைகிறதோ அங்கே திருத்தம் அனுப்புங்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டுப் பங்களிப்பாளர் என்று போட்டுக்கொள்வது எடுபடாது. 2020 அக்டோபரில், இப்படிப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற இணைய நிகழ்வு நடந்தபோது, இலவச டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்களின் கூட்டம் தாங்காமல் விதிகளையே நடுவில் மாற்றினார்கள். திட்டங்களை நடத்துகிறவர்களுக்கு அந்த எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை. தமிழில் எழுதிப் பழக ஆசை இருந்தால், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் தளத்துக்குக் கட்டுரை அனுப்பலாம். அதையும் சாம்பிளாகக் காட்டலாம், தமிழ் டாக்குமென்டேஷன் கேட்கும் கிளையன்ட்டுகளும் இருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பில் ஃப்ரீலான்ஸ் கிடைக்குமா என்றால், கிடைக்கலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குழுவோடு ஓரிரண்டு ரிலீஸையாவது பார்த்திருக்க வேண்டும். ரிவ்யூவுக்கு அனுப்பிய பக்கத்தை இன்ஜினியர் பத்து நாள் திறக்காமலே வைத்திருப்பார், ரிலீஸுக்கு முந்தின இரவு பட்டனின் பெயரை மாற்றுவார், ‘இதெல்லாம் யூசருக்குத் தெரியும் விடுங்க’ என்பார். இதையெல்லாம் சம்பளத்தில் இருக்கும்போது சமாளித்துப் பழகுவது நல்லது. ஃப்ரீலான்ஸில் அந்தப் பத்து நாளும் உங்கள் கணக்கில் போகும். தினமும் அலுவலகம் போக முடியாது என்பதால் ஆறு மாத ரிமோட் கான்ட்ராக்ட் ஏதாவது தேடுங்கள். முதலில் கேட்க வேண்டியது உங்கள் பழைய டீம்காரர்களை. அந்த ஆறு வருடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் இன்று பத்து நிறுவனங்களில் சிதறியிருப்பார்கள். லிங்க்ட்இன்னில் பொதுவாகப் பதிவு போடுவதைவிட ஒவ்வொருவருக்கும் தனியாக நான்கு வரியும் சாம்பிள் சுட்டியும் அனுப்புவது பலன் தரும். மலிவுக்கு ஏலம் விடும் ஃப்ரீலான்ஸ் தளங்களை நான் கடைசியில்தான் வைப்பேன். சொல்லுக்கு இத்தனை பைசா என்று பேசும் இடம் நமக்கு ஒத்துவராது. இந்த வேலையில் நாலு சொல்லை வெட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

இன்னொரு வாசல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, மென்பொருள்காரர்கள் பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. கோவையைச் சுற்றி பம்பு, நூற்பாலை இயந்திரம், மெஷின் டூல் செய்து ஏற்றுமதி செய்கிறவர்கள் எத்தனை பேர்! ஐரோப்பாவுக்கு இயந்திரம் அனுப்ப வேண்டுமென்றால், அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை வேண்டும். 2006-ஆம் ஆண்டின் ஐரோப்பிய இயந்திர டைரக்டிவ்படி, எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டின் மொழியில் மேனுவல் கூடவே போக வேண்டும். அதற்குப் பதிலாக 2023-இல் இயற்றிய புதிய சட்டம் 2027 ஜனவரி 20 முதல் அமலாகிறது. மேனுவலை டிஜிட்டலாகவும் கொடுக்கலாம் என்று அதில் இடம் இருக்கிறது, ஆனால் வாங்கும்போது கேட்டால் காகிதத்திலும் தந்தாக வேண்டும். ஜெர்மனிலும் இத்தாலியனிலும் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் ஒழுங்கான ஒரு ஆங்கில மூலம் வேண்டுமே? அந்த மூலம் பல இடங்களில் டிசைன் இன்ஜினியர் ராத்திரி உட்கார்ந்து, பழைய மாடலின் மேனுவலை காப்பி பேஸ்ட் செய்து உருவாக்கியதாக இருக்கும். குழப்பமான ஆங்கிலத்தை ஐந்து மொழியில் பெயர்த்தால் செலவும் ஐந்து மடங்கு, குழப்பமும் ஐந்து மடங்கு. இதைச் சொல்லி, அவர்களுடைய மேனுவலிலேயே ஒரு பக்கத்தைத் திருத்திக் காட்டினால் முதலாளி உட்கார வைத்துப் பேசுவார். ஒன்று மட்டும் கவனம். பாதுகாப்பு எச்சரிக்கைகளை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. அபாய மதிப்பீடு தயாரிப்பாளரின் பொறுப்பு, அதை வாங்கி அதிலிருந்து எழுதுங்கள், அவர்கள் இன்ஜினியரின் கையெழுத்தோடு ஒப்புதல் வாங்குங்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் டிசைன் ஆளிடம் ‘இது எப்படி வேலை செய்கிறது?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு மணி நேரம் பேசுவார், உங்களுக்கு ஒரு பக்கத்துக்குக்கூட விஷயம் தேறாது. சர்வீஸ் பிரிவில் போய் ‘கஸ்டமர் எதற்கு அதிகமாகப் போன் பண்ணுகிறார்?’ என்று கேளுங்கள். ‘மோட்டார் ஓடுது, தண்ணி வரலை. போய்ப் பார்த்தா ஃபுட் வால்வில் குப்பை. வாரத்துக்கு நாலு போன்’ என்பார் அங்கிருப்பவர். (ஃபுட் வால்வு என்பது உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு.) மேனுவலில் எந்தப் பக்கத்தைப் பெரிதாக எழுத வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

இனிப் பணம். கொட்டேஷன் போடும்போது எழுதும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் நஷ்டம்தான். தகவல் திரட்டி, எழுதி, படம் எடுத்து, ரிவ்யூ முடித்து ஒரு பக்கம் வெளியே போக மூன்று முதல் ஐந்து மணி நேரம் என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு. அதை வைத்து மொத்த வேலைக்கு ஒரு தொகை சொல்லுங்கள். இரண்டு சுற்று ரிவ்யூ இதில் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம் என்று எழுதுங்கள். முப்பது சதவீதமாவது அட்வான்ஸ் வாங்குங்கள். கடைசித் தவணையை ‘ப்ராடக்ட் ரிலீஸ் ஆனதும்’ என்று ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிலீஸ் எட்டு மாதம் தள்ளிப்போகும், உங்கள் பணமும் கூடவே போகும். ‘இறுதிப் பிரதியை ஒப்படைத்த நாளிலிருந்து’ என்று எழுதுங்கள்.

கூடவே, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். குறு நிறுவனமாகப் பதிவானால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதமானால் வட்டி உண்டு, அரசின் இணையத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். புகார் வரை போக வேண்டியிருக்காது. இன்வாய்ஸில் உத்யம் எண் இருந்தாலே கணக்குப் பிரிவில் உங்கள் பில் கொஞ்சம் மேலே ஏறும், ஏனென்றால் குறித்த நாளுக்குள் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க அவர்களுக்கு வருமான வரியில் சிக்கல் வரும். பில் தொகையில் பெரும்பாலும் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தொடும்வரை பொதுவாக ஜிஎஸ்டி கவலை இல்லை. வெளிநாட்டுப் பணம் வர ஆரம்பித்ததும் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்ததை வாசகருக்கு ஏற்றபடி சீராக்கித் தருவது, பொதுவான கேள்வி-பதில் பக்கங்கள், நாலு தளத்தைப் பார்த்து ஒரு கட்டுரை, இந்த வேலைகள் 2022 இறுதிக்குப் பிறகு சட்டென்று வற்றிவிட்டன. அதை மட்டும் நம்பி இருந்தவர்கள் கஷ்டப்படுகிறார்கள். புதிதாக வருகிறவர் ஏறும் முதல் படியும் அதுதான் என்பதால் நுழைவது முன்பைவிடச் சிரமம். ஆனால் மேலே சொன்ன பம்பை யோசித்துப் பாருங்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டால் சரளமான நான்கு பக்கம் தரும். அதில் வேறு ஏதோ ஒரு பம்பின் அழுத்தமோ வயர் தடிமனோ சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த மாடலில் பிளக் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. சர்வீஸ் பிரிவுக்கு வந்த போன்களும் தெரியாது. அதைத் தெரிந்து, சரிபார்த்து, இது சரி என்று பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். கிளையன்ட் இனி அந்த ஆளுக்குத்தான் பணம் தருவார்.

நீங்களும் அந்தக் கருவியைப் பயன்படுத்துங்கள். நீளமான பக்கத்தைச் சுருக்கச் சொல்லலாம், நான் எந்தப் படியை விட்டிருக்கிறேன் என்று கேட்கலாம், ஏபிஐ பக்கத்துக்கு உதாரண நிரல் எழுதச் சொல்லி ஓட்டிப் பார்க்கலாம். கிளையன்ட்டின் வெளிவராத ப்ராடக்ட் விவரத்தை மட்டும் அனுமதி இல்லாமல் அதில் கொட்டாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தை மீறுவதாகும். ஏஐ பயன்படுத்தலாமா, எதுவரை என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி போட்டுவிட்டால் பின்னால் தகராறு இல்லை.

மேக்புக் வேண்டாம். ஃபிரேம்மேக்கர் விண்டோஸில்தான் ஓடும், கணினியில் நிறுவும் ஃபிளேரும் அப்படித்தான். கிளையன்ட் அதில் ஒன்றைக் கேட்டால் மேக்கில் விண்டோஸை ஏற்றி அல்லாட வேண்டியிருக்கும். வீட்டில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும், 16 இருந்தால் வசதி. கையில் இருக்கும் பணத்தில் இரண்டாவதாக ஒரு மானிட்டர் வாங்குங்கள். ஒரு திரையில் ப்ராடக்டும் இன்னொன்றில் எழுதுவதும் இருந்தால் வேலை பாதியாகும். முதல் சாம்பிள் தயாரானதும் சுட்டியை அனுப்புங்கள், பார்த்துக் கிறுக்கித் தருகிறேன். இதற்குப் பணம் வேண்டாம்.